விழித்திருந்த மரபணு

புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் யாருக்கு என்ன விண்ணப்பம் என்று போதகர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்றாள் ஒருத்தி. முட்டுவலி தீர வேண்டும் என்றாள் இன்னொருத்தி. அன்னாளின் முறை வந்தது. தன் புருஷன் தலையில் இருக்கும் கட்டிக்குள் ஒரு ஜீன் தூங்கிக்கிடக்க வேண்டும், அதற்காக ஜெபியுங்கள் என்றாள்.

தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று போதகர் அவளைப் பார்த்தார். எழும்ப வேண்டும் என்றுதானே சொல்கிறாய் என்று கேட்டார்.

"இல்லய்யா. அது தூங்கணும். முழிச்சிருந்தா மருந்து கேக்காதாம்."

பாயில் உட்கார்ந்திருந்த எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அவள் புருஷன் ஏசுரத்தினம் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த சின்னக்கானல் மலையில் ஜீப் ஓட்டுகிறவர். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, கல்லும் குழியுமான எஸ்டேட் பாதையில் மலை உச்சிக்குப் போய்வருவார். வழிநெடுகப் பேசிக்கொண்டே ஓட்டுவார். அந்தப் பேச்சுக்காகவே அவர் வண்டியைத் தேடி வந்தவர்கள் உண்டு. ஜனவரியில் ஒரு காலை, இறங்கி வரும்போது எதிரே தெரிந்த மலையைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மலையின் பேர் வரவில்லை. "அந்தா, அந்தா" என்று மட்டும் சொன்னார். பிறகு வண்டியைச் சரிவுக்கு எதிர்ப்பக்கமாக ஒதுக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, இஞ்சினை அணைத்தார். அதற்கப்புறம்தான் கை வெட்டி இழுக்க, ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்தார். வண்டியில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கோட்டயத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து, எடுக்க முடிந்த அளவு கட்டியை எடுத்தார்கள். அங்கே இருந்த டாக்டர் ஜெகன் பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதிக்காரர். மலையாளத்தில் தொடங்கியவர், அன்னாளின் பேச்சைக் கேட்டதும் தன் ஊர்த் தமிழுக்கு மாறிக்கொண்டார். இது மூளைக்கட்டியிலேயே மோசமான வகை, முழுக்கப் போகாது, திரும்ப வளரும் என்பதை அவர் மறைக்கவில்லை. கதிர்வீச்சு, அதாவது வெளிச்சம் வைக்க வேண்டும், கூடவே ஒரு மாத்திரையும் உண்டு. அந்த மாத்திரை எந்த அளவுக்குக் கேட்கும் என்பது ஒரு டெஸ்ட்டில்தான் தெரியும் என்றார். என்ன டெஸ்ட் என்று மகன் ஷிஜு கேட்டான். அவன் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் இருப்பவன். எதையும் போனில் தேடிப் படித்துவிட்டுத்தான் பேசுவான்.

"மருந்து உள்ளார போயி கட்டியோட டிஎன்ஏவை உடைக்குமுங்க. உடைஞ்சதைச் சரிபண்றதுக்குன்னே அங்க ஒரு ஜீன் இருக்குது. சில பேரு கட்டியில அந்த ஜீன் மேல சின்னதா ரசாயன முத்திரை விழுந்து, அதை ஊமையாக்கிப் போடும். ஜீன் இருந்த எடத்துலயே இருக்கும், ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. ஆனா வேலை செய்யாது. அப்படி இருந்துச்சுன்னா மருந்து நல்லாக் கேக்குமுங்க."

"ஊமையா இல்லேன்னா?" என்றாள் அன்னாள்.

"மருந்து உடைக்க உடைக்க அது ஒட்டவெச்சுக்கிட்டே இருக்குமுங்க."

புருஷனைக் கூட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பிய அன்னாளுக்கு, கொழுந்து கிள்ளும்போதும் சோறு வடிக்கும்போதும் அந்த ஜீன்தான் நினைப்பு. கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு நகர்கிறவளைப் போல வீட்டுக்குள் மெதுவாக நடந்தாள். பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்தாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும்.

ஜெபக்கூட்டம் நடந்த அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. ஜீன் மேல் முத்திரை இல்லை. அது விழித்துத்தான் இருந்தது.

அப்படியானால் நாமே அதைத் தூங்கவைக்க ஒரு வழி இருக்காதா என்று ஷிஜு போனில் ஸ்பீக்கரைப் போட்டு டாக்டரிடம் கேட்டான். பல நாடுகளில் முயன்று பார்க்கிறார்கள், இன்றைக்குக் கையில் கொடுக்க ஒன்றும் இல்லை என்றார் அவர். மாத்திரையால் பலன் இருந்தாலும் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆளையும் படுத்திவிடும், எடுப்பதும் விடுவதும் உங்கள் தீர்மானம் என்றும் சொன்னார்.

ஏசுரத்தினத்துக்கு அப்போது பேச்சு ஓரளவு திரும்பியிருந்தது. கட்டிலில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், சர்ச் அசனம் என்றைக்கு என்று அன்னாளிடம் கேட்டார். சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அந்த விருந்து மே மாதம் வரும். சாம்பார் அண்டா பக்கத்தில் நிற்பது எப்போதும் அவர்தான்.

"வெளிச்சம் வைக்கட்டும். மாத்திரை வேண்டாம்," என்றார், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து. "அசனத்துல நின்னு எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லணும். வாய் இருக்கும்போதே சொல்லிட்டுப் போயிருதேன்."

அன்னாளுக்கு அதுவே சரி என்று பட்டது. ஆனால் ஷிஜு எழுந்து வெளியே போனான். திரும்பி வந்தபோது அவன் கண்கள் சிவந்திருந்தன. கொஞ்சமாவது பலன் இருக்கலாம் என்று டாக்டரே சொன்னாரே, அந்தக் கொஞ்சம் நமக்குக் கிடைக்காது என்று யார் கண்டது என்றான்.

"கையைக் கட்டிக்கிட்டு நின்னோம்னு நெனச்சு நெனச்சு, நான் எப்படிப்பா இருப்பேன்?"

ஏசுரத்தினம் மகனின் சிவந்த கண்களைப் பார்த்தார். பிறகு, "சரி, குடு," என்றார். அன்னாள் அப்போது குறுக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மகன் முகத்தைப் பார்த்தாள், சொல்லவில்லை.

வெளிச்சம் வைத்து, கூடவே மாத்திரையும் கொடுத்து முடியும் வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினார்கள். பிறகு மலைக்கு வந்து, மாத்திரையின் அளவைக் கூட்டி மறுபடி தொடங்கினார்கள். வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகளில் தங்கள் வாசற்படியில் பிளாஸ்டிக் வாளியோடு உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டில் மீன் வறுத்தால் கதவைச் சாத்த வேண்டும். ஷிஜு மாதுளம்பழம் பிழிந்து கொண்டுவருவான். மகனுக்காக ஒரு வாய் குடித்துவிட்டு, அவன் அந்தப் பக்கம் போனதும் துப்பிவிடுவார். மே மாதம் ஈறில் ரத்தம் கசிந்தது. கால் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். மாத்திரையால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்துவிட்டன என்று மறுபடியும் கோட்டயத்தில் சேர்த்தார்கள்.

அசனம் நடந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. சர்ச்சிலிருந்து யாரோ வீடியோ காலில் அழைத்தார்கள். பந்தலும் பந்தியும் தெரிந்தன, எல்லோரும் கையசைத்தார்கள். பேசுங்க அண்ணே என்றார்கள். அவர் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்பது அங்கே இருந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற அன்னாளுக்கும் புரியவில்லை.

அதே தடவை எடுத்த ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. மாத்திரையை டாக்டர் ஜெகனே நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்தபோது ஏசுரத்தினத்திடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. தண்ணி வேணுமா என்றால் "சரி" என்பார். தலை வலிக்கிறதா என்றாலும் "சரி"தான். அன்னாள் ஒருநாள் பக்கத்தில் படுத்து, நான் யாரு சொல்லுங்க என்று கேட்டாள். "சரி" என்று சொல்லிவிட்டு, அது இல்லை என்று தெரிந்து, மறுபடி முயன்று, அதே சொல்லே வந்ததும் அழுதார். அதற்குப் பிறகு அவள் அவரிடம் எதுவும் கேட்டதில்லை.

ஆகஸ்டில், மழை விடாமல் பெய்த ஒரு பகலில் இறந்தார். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் யானைகள் நிற்கின்றன என்று ஃபாரஸ்ட் வாச்சர்கள் தடுத்துவிட்டார்கள். பெட்டியைத் தேயிலை ஓரத்தில் இறக்கிவைத்து, மேலே தார்ப்பாய் போட்டு, எல்லோரும் குடை பிடித்துக் காத்து நின்றார்கள். போதகர் ஒரு பாட்டைத் தொடங்கினார். மழையில் அது எடுபடவில்லை.

அடக்கம் முடிந்த சில நாளில், அடுப்படியில் வந்து உட்கார்ந்த ஷிஜு அம்மாவிடம் கேட்டான்.

"மாத்திரை குடுக்காம இருந்திருந்தா அப்பா அசனத்துக்கு வந்திருப்பாரு, இல்லம்மா?"

குடுத்தாலும் குடுக்காட்டியும் கட்டி வளர்ந்திருக்கும், டாக்டர் முதலிலேயே சொன்னார்தானே, உன்மேல் ஒன்றும் இல்லை என்றாள் அன்னாள்.

"கட்டியப் பத்திக் கேக்கல. அசனத்தப் பத்திக் கேக்கேன்."

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். வந்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு, சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைத்தாள். அவன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இருவரும் சாப்பிடவில்லை.