காளிதாஸின் கேம் கவர்கள்

வெள்ளம் வடிந்து வீட்டுக்குத் திரும்பியதும் காளிதாஸ் முதலில் தேடியது தன் கேம் டிஸ்க்குகளைத்தான். பத்து பகாட் நகருக்கு வெளியே ஒரு தரைவீட்டில் அவனும் தங்கை யோகேஸ்வரியும் குடியிருந்தார்கள். இருவருக்கும் திருமணம் ஆகவில்லை. நான்கு நாள் முட்டியளவுக்கு நின்ற தண்ணீரில் அலமாரியின் கீழ்த்தட்டுகள் முழுக்கச் சேறாகியிருந்தன. டிஸ்க்குகள் கழுவியதும் பிழைத்துக்கொண்டன, பிளாஸ்டிக் பெட்டிகளும்தான். பெட்டிகளில் செருகியிருந்த காகிதக் கவர்கள் மட்டும் கூழாகிப் போயின. மொத்தம் நாற்பத்து மூன்று பெட்டிகள்.

காளிதாஸுக்கு நாற்பத்து நான்கு வயது. சொந்தமாகப் பள்ளி பஸ் ஓட்டினான். காலையில் இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றி இறக்குவான், மதியம் அதே பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து விடுவான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நேரத்தில் கேம் விளையாடுவான். அவனுக்கு வேறு எந்தப் பழக்கமும் கிடையாது.

"வெறும் பெட்டிய வச்சு என்ன லா பண்றது? எது எந்த கேம்னே தெரியல," என்றான்.

"நான் கவர் செஞ்சு தரேன்ண்ணே," என்றாள் யோகேஸ்வரி.

அது அவளுக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில், சட்டைக் கழுத்தில் தைக்கும் லேபிள்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பதுதான் அவள் வேலை. இணையத்தில் ஒரு கவரின் படத்தைத் தேடி எடுத்து, இருபத்தேழு சென்டிமீட்டர் அகலத்துக்கு இழுத்து, வீட்டுப் பிரிண்டரில் அச்சடித்துப் பெட்டியில் செருகிக் கொடுத்தாள்.

காளிதாஸ் அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தான். "மங்கலா இருக்கே யோகா."

அவன் சொன்னது உண்மைதான். உள்ளங்கையளவு படத்தை அவள் தாளளவுக்கு இழுத்திருந்தாள். கதாநாயகனின் முகம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்திருந்தது. பின்பக்கத்து எழுத்துகள் எறும்பு வரிசை மாதிரி தெரிந்தன.

அடுத்த முறை அதே கவருக்குப் பெரிய படமாகத் தேடினாள். பின்பக்கத்து வாசகங்களைப் படத்திலிருந்து அழித்துவிட்டு, அதே மாதிரி எழுத்துருவில் தானே தட்டச்சு செய்தாள். எழுத்தை எழுத்தாகவே அச்சடித்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது என்பது லேபிள் வேலையில் அவள் கற்றது. தலைப்பின் வளைவுகளையும் புதிதாக வரைந்தாள். இரண்டு சனிக்கிழமைகள் அதிலேயே போயின.

"முன்னைக்கு இது பரவால்ல," என்றான் அவன். "ஆனா தெளிவா இல்ல. நடுவுல என்னமோ கலங்குன மாதிரி இருக்கு."

குறை காகிதத்தில் இருக்கும் என்று நினைத்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் வசந்தனிடம் போனாள். அவன் அவளைவிட இளையவன். அவள் கொண்டுபோன தாளைத் தடவிப் பார்த்தான்.

"சாதா பேப்பர் மைய குடிச்சிரும்க்கா. அதான் ஓரம் பரவுது. கொஞ்சம் தடிப்பான பளபளப்புத் தாள்ல அடிக்கலாம். இன்னொன்னு, தாளுக்கு ஏத்த மாதிரி சுருக்கவான்னு கம்ப்யூட்டர் கேக்கும். வேணாம்னு சொல்லிருங்க. நூறு பெர்சன்ட்லயே வைங்க."

பளபளப்புத் தாளில் வந்த கவரைப் பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது. காளிதாஸ் அதையும் ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஹ்ம்," என்று மட்டும் சொன்னான்.

இதற்குள் அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்திருந்தது. ரெங்கம் ஊரில் இருக்கும் காளிதாஸின் நண்பன் செல்வாவிடம் அதே கேமின் அசல் கவர் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அதை இரவல் வாங்கி வந்து ஸ்கேன் செய்தாள். படமெங்கும் மீன்வலை மாதிரி புள்ளிக்கோடுகள் விழுந்தன. இரண்டு மடங்கு நுணுக்கத்தில் மறுபடி ஸ்கேன் செய்து, புள்ளிகளை மென்பொருளில் கரைத்து, பிறகு உரிய அளவுக்குச் சுருக்கினாள். வசந்தன் அச்சடித்து, அசலையும் நகலையும் அருகருகே வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தான்.

"எது ஒரிஜினல்னு நீங்க சொன்னாதான்க்கா தெரியும்," என்றான்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது காளிதாஸ் ஒன்றை எடுத்துப் பெட்டியில் செருகிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு மெனக்கெட்டும் சரியா வரல யோகா. நடுவுல தண்ணி பட்ட மாதிரி இருக்கு பாரு. கோடெல்லாம் வளைஞ்சு கெடக்கு. விட்ரு. எனக்கு இதுவே போதும்."

அவள் பெட்டியை வாங்கிப் பார்த்தாள். செல்வாவின் கவர் ஒரு மூலையில் மடங்கியிருந்தது அவளுக்கு நினைவிருந்தது. கையிலிருந்த கவரின் மூலையும் மடங்கியிருந்தது. அவன் குறை சொன்னது அசல் கவரைத்தான்.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டைத் தோளில் போட்டபடி அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, இந்தக் கடைசி வரிய படி."

"எழுத்து பொடிசா இருக்கு."

"சரி, பெரிய வரிய படி. வலது கண்ண மூடிக்கிட்டுப் படி."

மெதுவாகப் படித்தான்.

"இப்ப இடது கண்ண மூடு."

அவன் மூடவில்லை. கவரை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"எத்தன நாளா?" என்று கேட்டாள்.

"தீபாவளிக்கு முன்ன இருந்து. வலது கண்ணுதான். நேரா பாத்தா ஒரு கறை நிக்கும்."

"இனிப்பு நீருக்குக் கொடுத்த சக்கர மருந்த எடுக்குறியா இல்லையா?"

"அப்பப்ப."

"பஸ் ஓட்டுறியே அண்ணே."

"ரோடு பெருசு லா. எழுத்துதான் சின்னது." சொல்லிவிட்டுச் சிரிக்க முயன்றான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு அவன் கிளம்பி வந்தபோது யோகேஸ்வரி வாசற்கதவருகே நின்றிருந்தாள். பஸ் சாவி அவள் கையில் இருந்தது.

"பிள்ளைங்க காத்துக்கிட்டு நிப்பாங்க. சாவிய கொடு."

"கொடுக்க மாட்டேன்."

"இருபது வருஷமா ஓட்டுறேன். ஒரு கீறல் விழுந்திருக்கா? சொல்லு."

"விழல. விழுந்தா கீறலோட நிக்காது அண்ணே."

அவன் கையை நீட்டியபடியே நின்றான். பிறகு கை தானாகத் தாழ்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான்.

பெற்றோர்களுக்குத் தானே போன் செய்வதாக அவள் சொன்னாள். அவன் வேண்டாமென்று தலையசைத்தான். அவள் எண்களைத் தேடி அழுத்திக் கொடுக்க, அவனே ஒவ்வொருவரிடமும் பேசினான். "காளிதாஸ் பேசுறேன். இன்னைக்கு பஸ் வராது. இனிமேலும் வராது. எனக்குக் கண்ணு சரியில்ல. மன்னிச்சிருங்க." பலர் பதறினார்கள். சிலர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மலர் என்ற தாய் மட்டும் கேட்டாள்:

"இத்தன நாளா தெரிஞ்சேதான் ஓட்டுனீங்களா?"

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. யோகேஸ்வரி அண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றான் அவன். "தெரிஞ்சேதான்."

மலர் போனை வைத்துவிட்டாள். அவன் அடுத்த எண்ணைக் கேட்டான்.

அரசு மருத்துவமனையில் கண்ணில் மருந்து விட்டுப் பார்த்த மருத்துவர் படம் வரைந்து காட்டினார். சர்க்கரையால் விழித்திரையின் நுண்குழாய்கள் கசிந்து, வலது கண்ணின் நடுப்பகுதி வீங்கியிருந்தது. இடது கண்ணிலும் கசிவு தொடங்கியிருந்தது. வலது கண்ணில் போன பார்வை பெரிதாகத் திரும்ப வாய்ப்பில்லை என்றும், இடது கண்ணுக்கு லேசரும் ஊசியும் தவறாமல் போட்டால் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் தன்னால் இதைக்கூடச் சொல்லியிருக்க முடியாது என்றார்.

பஸ்ஸை வேறொரு ஓட்டுநர் எடுத்துக்கொண்டார். அது போன அன்று காளிதாஸ் வெளியே வந்து பார்க்கவில்லை. பிறகு செல்வா வேலை பார்த்த நாற்காலித் தொழிற்சாலையில், பொருள்களைப் பெட்டியில் அடைக்கும் பிரிவில் சேர்ந்தான். வீட்டில் அதிகம் பேசுவதில்லை. யோகேஸ்வரி சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து மீதிக் கவர்களைச் செய்தாள். இப்போது அவன் எதிலும் குறை சொல்வதில்லை. அதுவே அவளுக்குப் பாரமாக இருந்தது. ஒருநாள் எழுத்தைப் பெரிதாக்கட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம். இருக்க வேண்டிய மாதிரியே இருக்கட்டும்," என்றான்.

மூன்றாவது ஊசிக்குப் போன நாளில் மருத்துவமனையில் கூட்டம் அதிகம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்திருந்தார்கள். காளிதாஸ் கண்களை மூடிக்கொண்டு பேசினான்.

"யோகா, பிப்ரவரில ஒரு நாள், பள்ளிக்கூடத்துக்கிட்ட முச்சந்தியில ஒரு மோட்டார் சைக்கிள் வந்துச்சு. வலது பக்கம். நான் பாக்கவே இல்ல. ஹார்ன் சத்தம் கேட்டுதான் பிரேக் அடிச்சேன். ஒரு பாப்பா சீட்டுலருந்து கீழ விழுந்துருச்சு. அழல. 'அங்கிள் பூனையா'ன்னு கேட்டுச்சு. ஆமாம்மா, பூனன்னு சொன்னேன்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கப்புறமும் ஓட்டுனேன். மூணு மாசம்."

பக்கத்து நாற்காலியில் ஒரு மலாய்க்கார முதியவர் தூங்கிக்கொண்டிருந்தார். திரையில் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. யோகேஸ்வரிக்குக் கோபம் வந்தது. அது வந்த வேகத்தில் அவள் கண்ணும் நிறைந்தது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை.

"யாரோட பாப்பா?" என்று கேட்டாள்.

"அந்த மலரோட பொண்ணு."

"அவங்ககிட்ட சொல்லப் போறியா?"

"சொல்லணும். போன்ல இல்ல, நேர்ல. நீ கூட வர்றியா?"

"வரேன்," என்றாள். "ஆனா நீதான் பேசணும்."

அவன் தலையசைத்தான். தாதி அவனுடைய எண்ணைக் கூப்பிட்டாள். மருந்து விட்ட கண்ணுக்கு எல்லாமே கலங்கலாகத் தெரிந்ததால், அவன் எழுந்து தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு அறையை நோக்கி நடந்தான்.