லிஃப்ட் கதைக்கு அவள் சொன்ன முடிவு

தன் டிவிடி பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுருட்டை வந்தான். தலைமுடியைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தவள் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. அவளும் சுருட்டையும் ஒரே மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர்கள். அவன் கண்ணைச் சோதித்துப் பவர் சொல்வான். அவள் லென்ஸை அறுத்து ஃபிரேமில் பொருத்துவாள். அவள் இறந்துபோய் இன்னும் வருஷம் திரும்பவில்லை.

பெட்டியில் இருந்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் தொடர். வாரம் ஒரு கதை, வாரம் ஒரு நடிகர் கூட்டம். ராக்கெட், வேற்றுக் கிரகம், பேசும் இயந்திரம். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சுருட்டையோடு அவளுக்கு அந்தப் பேச்சுதான். "சுருட்டை என்ன சொல்றான்னா..." என்று ஆரம்பிக்காத சாயங்காலமே இந்த வீட்டில் கிடையாது. மெக்கானிக்குக்கு அப்போதே வயிறு எரியும். ஆள் போன பிறகும் அந்த எரிச்சல் மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தது.

அவனும் அவளோடு உட்கார்ந்து பார்த்தவன்தான். ஆனால் நாள் முழுக்க லிஃப்ட் குழியில் ஏறி இறங்கிய உடம்பு. பாதிக் கதையில் குறட்டை வந்துவிடும். காலையில் அவன் ஷூ கட்டும்போது எதிரே நின்று மீதியை அவள் சொல்வாள்.

இப்போது மெக்கானிக் வேண்டா வெறுப்பாக ஒரு டீ போட்டுக் கொடுத்தான். சுருட்டை ஊதி ஊதிக் குடித்தான்.

"இதுல அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சது ரேடியோ கதைதான் சார்."

"எனக்குத் தெரியாதா? அவ என் பொண்டாட்டிங்க."

"தப்பா நினைக்காதீங்க. அந்த முடிவைப் பார்த்துட்டு மறுநாள் அவங்க சாப்பிடவே இல்ல. டப்பாவை மூடி வெச்சுட்டாங்க."

"எதுக்கு மூடணும்? ராக்கெட்டுல போனவன் ஊருக்குத் திரும்பி வந்து கதவைத் தட்டுவான். இத்தனை வருஷம் ரேடியோல பேசிக்கிட்டிருந்த பொண்டாட்டி வந்து திறப்பா. நல்ல முடிவுதானே?"

சுருட்டை டம்ளரைக் கீழே வைத்தான். "வேற கதையோட போட்டுக் குழப்பிக்கிட்டீங்கபோல."

"நானா? போட்டுப் பாத்துடலாம் வாங்க."

போட்டுப் பார்த்தார்கள். ராக்கெட்காரன் இறங்கினான். ஊர் இருந்த இடத்தில் மணல். ஒரே ஒரு அறை மிஞ்சியிருந்தது. உள்ளே ஒரு இயந்திரம், மனைவியின் குரலில், எப்போது வருவீர்கள் என்று யாருமில்லாத ரேடியோவிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் கதவருகே அதைக் கேட்டபடி நின்றான். கதை முடிந்தது.

மெக்கானிக் மற்ற கதைகளைப் பற்றியும் கேட்டான்.

"பனிக் கிரகத்து டாக்டர்? அவர் பிழைச்சுக்குவார்ல?"

"முதல்ல சாகறதே அவர்தான் சார்."

"கடலுக்கடியில பள்ளிக்கூடம்? அதுல பிள்ளைங்க தப்பிச்சுடுவாங்கல்ல?"

சுருட்டை இல்லை என்று தலையை ஆட்டினான்.

ஆக, உண்மையெல்லாம் இந்தச் சுருட்டைத் தலையனுக்கு. புருஷனுக்குப் பொய். பெட்டியைத் தூக்கி அவன் மடியில் போட்டு வெளியே அனுப்பிவிடலாம் என்று மெக்கானிக் எழுந்துவிட்டான்.

"அப்போ இதுதானா அது?" என்றான் சுருட்டை, தனக்குத்தானே. "'இதை அப்படியே சொல்லி அந்த மனுஷனை எப்படிக் குழிக்குள்ள இறக்கறது? வேற ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன்'னு சொல்வாங்க. என்னன்னு கேட்டா, 'அது எங்க வீட்டுக்கு மட்டும்'னுடுவாங்க. கெஞ்சியிருக்கேன் சார். ஒண்ணாவது சொல்லணுமே!"

மெக்கானிக் மறுபடி உட்கார்ந்தான்.

"லிஃப்ட் கதைக்கு என்ன சொன்னாங்க?"

"எந்த லிஃப்ட் கதை?"

"அதான் சார், ரிப்பேர் பண்ண ஒரு மெக்கானிக் இறங்குவானே. கீழ்த்தளத்தைத் தாண்டியும் லிஃப்ட் கீழ போய்க்கிட்டே இருக்கும். நாங்க நாள் கணக்காப் பேசின கதை. அதுக்குப் போய் எப்படி ஒரு நல்ல முடிவு கண்டுபிடிச்சாங்க?"

அப்படி ஒரு கதை இருப்பதையே அவள் அவனிடம் சொன்னதில்லை.

சுருட்டை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பசித்தவன் அடுத்தவன் இலையைப் பார்க்கிற பார்வை. மெக்கானிக்குக்கு அது இனித்தது.

"அவ சொன்னா," என்றான். "ரொம்ப நல்ல முடிவு."

"என்ன சார், என்ன?"

"அது எங்க வீட்டுக்கு மட்டும்."

சுருட்டை சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான். "கோடி காட்டினாலே போதும் சார். ஆள் மேல வர்றானா, இல்லையா?"

"மூச்!"

மறுநாள் காலை மெக்கானிக் ஷூ கட்ட உட்கார்ந்தான். எதிரே சுவர் இருந்தது.

"மெக்கானிக் இறங்கறான்," என்று வாய்விட்டு ஆரம்பித்தான். "லிஃப்ட் கீழ போகுது."

அதற்கு மேல் ஒரு முடிவும் அவனுக்கு வரவில்லை. கட்டிய முடிச்சை அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கட்டினான்.