கண்ணாடி வராத பேருந்துகள்

பேருந்து கட்டும் அந்தத் தொழிற்சாலையில் வயரிங் பிரிவுக்கு அவள்தான் சூப்பர்வைசர். வயர் கட்டுகள் வராமல் நின்றுபோனபோது, பிரிவில் இருந்த எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார் மேலாளர். அதில் அவளுடைய சொந்தத் தம்பியும் ஒருவன்.

இப்போது வயர் கட்டுகள் லாரி லாரியாக வந்து இறங்கியிருந்தன. மாட்டத்தான் ஆளில்லை. பாதி முடிந்த பேருந்துகள் மைதானம் முழுக்கத் தூசி படிந்து நின்றன.

"எப்படியாவது ஆளைப் பிடிங்க. இந்தத் தடவை வேலை நிக்காது," என்றார் மேலாளர்.

"நிச்சயமா சார்?"

"நான்தான் சொல்றேனே."

அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒருவர் டாக்சி ஓட்டப் போய்விட்டார். இன்னொருவர் உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை. தம்பி ஒரு மெத்தைக் கடையில் சேர்ந்திருந்தான்.

தம்பி மனைவி சுற்றி வளைக்கவில்லை. "மறுபடியும் அனுப்பிட்டா நாங்க என்ன பண்றது அண்ணி?"

"அனுப்ப மாட்டாங்கம்மா. கேட்டுட்டுத்தான் வந்தேன்."

தம்பி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மெத்தை தூக்கி முதுகே போச்சு. நீ சொல்றேன்னா வரேன்க்கா."

பழைய ஆட்கள் சிலரையும் இழுத்துக்கொண்டு வந்தான். போதவில்லை. அவளும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வயர் இழுத்தாள். முதல் பேருந்தில் விளக்கு எரிந்ததும் தம்பி ஹாரனை விடாமல் அடித்தான். காதைப் பொத்திக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வாரமே மேலாளர் கூப்பிட்டார். முன்கண்ணாடி செய்யும் கம்பெனியில் ஆள் பற்றாக்குறையாம். கண்ணாடி எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாதாம். அது வரும்வரை எந்த வண்டியிலும் வேலை நடக்காதாம்.

"பசங்களைக் கொஞ்ச நாள் வீட்ல இருக்கச் சொல்லிடுங்க," என்றார் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாக்குக் குடுத்தது நீங்க சார். நீங்களே வந்து சொல்லுங்க."

"அது உங்க வேலை."

"அப்ப என்னையும் சேர்த்து அனுப்பிடுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்தார். தொண்டையைச் செருமினார், மென்று விழுங்கினார், ஒருவழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். யாரும் சண்டை போடவில்லை. தம்பி அவளிடம் வந்தான்.

"மெத்தைக் கடையில வேற ஆள் போட்டுட்டாங்கக்கா."

"உன் பொண்டாட்டிகிட்ட நான் வந்து சொல்றேன்."

"வேணாம். நானே சொல்லிக்கிறேன்."

அவன் பையை மாட்டிக்கொண்டு நடந்தான். அவளும் பின்னாலேயே போனாள். அவன் தடுக்கவும் இல்லை, அவளுக்காக நிற்கவும் இல்லை.