நகை மாட்டிப் போன உத்தியோகம்

கொழுந்து கிள்ளுகிறவளுக்கு உத்தியோகமா என்று கேட்பீர்கள். எனக்குக் கிடைத்தது. அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு நின்றவளைச் சடையன் கங்காணி தனியே கூப்பிட்டான்.

"ஏ பெரியாயி, தொர ஆளு கேக்குறாரு. ஆளு கூட்டியாற ஊருக்குப் போறேன், நீயும் வர்றியா? வேலை ஒண்ணுமில்ல. நல்லா உடுத்திக்கிட்டு, கோயில்லயும் சந்தையிலயும் நாலு பேரு கண்ணுல பட்டாப் போதும்."

ஜவுளிக்கடைக்காரன் பளபளக்கிற சேலையாகப் பார்த்து வாசலில் தொங்கவிடுவான் இல்லையா, அந்தச் சேலையின் வேலை. புரியாமல் இல்லை. ஆனால் கடல் தாண்டி வந்தபிறகு ஆத்தா முகத்தையும் தங்கச்சி செவந்தி முகத்தையும் நான் பார்க்கவே இல்லை. சொந்தமாகப் போக எனக்கு ஏது வழி? போய், செவந்தி காதில் மட்டும் "செத்தாலும் இங்கே வந்துவிடாதே" என்று சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் தலையாட்டினேன்.

கங்காணி பெண்சாதி தன் அட்டிகையையும் காப்பையும் கொலுசையும் எனக்குப் பூட்டினாள். பூட்டும்போதே, "ஒரு கீறல் விழுந்துச்சு, தோலை உரிச்சிருவேன்" என்றாள். மகராசி, மனசு அப்படி.

முசிறிப் பக்கம் எங்கள் ஊர். மழை பொய்த்து, சனங்கள் கேப்பைக் கூழுக்கே ஆலாய்ப் பறந்த நேரம். வண்டியை விட்டு நான் இறங்கியதும் தெருவே திரண்டுவிட்டது. "அடி ஆத்தி! நம்ம பெரியாயியா இது?" கங்காணி ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கமாகக் கையைக் காட்டியதோடு சரி. கட்டையில் போகிறவனுக்குத் தொழில் தெரியும்.

ஆம்பளைகள் வராத குளிப்புத் துறையில் செவந்தியைப் பிடித்தேன்.

"அடியே, அங்க மழையும் குளிரும் அட்டையுந்தான். பட்ட பாட்டுக்குக் கையில ஒண்ணும் நிக்காது. புருஷனக் கூட்டிக்கிட்டு இவன் பின்னால வந்துடாத."

"அப்ப இதெல்லாம்?" என்று அட்டிகையைத் தொட்டாள்.

"இரவல்டி. கங்காணி பொண்டாட்டியோடது."

சிரித்துவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. எங்கள் ஊரில் நகை வைத்திருக்கிற எவள் அதைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள்? கல்யாணத்துக்குக் கேட்டுவிடுவார்களோ, கண் பட்டுவிடுமோ என்று பண்ணையார் வீட்டு மருமகள்கூட இரவல் என்றுதான் சொல்லுவாள்.

"நான் கேட்டுருவேன்னு பயமாக்கா? நீ மட்டும் பூட்டிக்கணும், நாங்க இங்கயே கெடந்து சாகணுமா?"

ஆத்தா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறை. பித்தவெடிப்பையும் அட்டை கடித்த தழும்பையும் காட்டினேன். "ஒழைச்ச காலுதான், தெரியுதே. அதான் இம்புட்டு நகை" என்றாள். இரவல் சேலையை நம்பி இடுப்புத் துணியை எறிந்தாளாம் ஒருத்தி. என் தங்கச்சி அடுத்தவள் கழுத்து இரவலை நம்பி ஊரையே எறிந்தாள். கங்காணி சேர்த்த கூட்டத்தோடு அவளும் புருஷனும் புறப்பட்டுவிட்டார்கள்.

அப்புத்தளை ஸ்டேஷனில் ஒரே பனிமூட்டம். ரயிலை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கங்காணி பெண்சாதி வந்து நின்றாள். தோட்டத்து லய வீடுகளுக்குப் போய்ச் சேரும்வரைகூட அவளுக்குப் பொறுக்கவில்லை. அத்தனை சனத்துக்கும் முன்னால் அட்டிகையைக் கழற்றினாள், காப்பை உருவினாள், குனிந்து கொலுசையும் கழற்றினாள். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள்.

செவந்தி குளிரில் வெடவெடத்துக்கொண்டு என் வெறுங் கழுத்தையே பார்த்தாள்.

"அப்ப நெசந்தானாக்கா?"

எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம். அன்றைக்கே துறையில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேனே, பாவி! பொளேரென்று அவள் கன்னத்தில் அறைந்துவிட்டேன். அறைந்த கையாலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அந்த அறையை வாங்கியிருக்க வேண்டியவன் பக்கத்திலேயே நின்று சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரே நடையில இம்புட்டு ஆளு! ராசிக்காரி நீ, பெரியாயி" என்றான். "அடுத்த தடவையும் நீதான்."