கண்ணையன் போனுக்குச் சத்தம் போவல

மடுகரையில ஸ்டுடியோ வெச்சிருக்கேன். கல்யாண வீடியோதான் பொழப்பு. யாராவது வந்து "சத்தம் வரலியே வினோதினி"ன்னா எனக்கு மொதல்ல கோவந்தான் வரும். ஹெட்போன மாட்டிக் கேப்பேன். வந்தா வருது, அதுக்கு மேல பேச்சே கெடையாது. பாகூர் மண்டபத்துல அன்னிக்கு நடந்ததுக்கு அந்தத் திமிருதான் காரணம்.

பொண்ணு கார்த்திகா. அவங்க அப்பா கண்ணையன் கரும்பு வெவசாயி. சர்க்கரையில ரெண்டு கண்ணும் போயிடுச்சு. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கச்சொல்ல வரப்புல வழுக்கி வுழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சி, பாண்டியில ஆஸ்பத்திரியில படுத்துட்டாரு. தேதிய மாத்தாதீங்கன்னு அவரேதான் சொன்னாராம். நான் கேமராவுலேந்து லைவ் அனுப்பணும், அவரு மச்சான் செல்லக்கண்ணு பக்கத்துல ஒக்காந்து கண்ணையன் போன்ல அத வெக்கணும். அவருக்குப் படம் எதுக்கு? சத்தந்தான் அவருக்குக் கல்யாணம்.

அதனால மைக்செட் அரிகரன் அண்ணன் மிக்சர்ல, மண்டப ஸ்பீக்கருக்குப் போனது போவ சும்மா இருந்த இன்னொரு மெயின் அவுட்ல ஒயரு சொருவி, நேரா கேமரா மைக் ஓட்டைக்குக் குடுத்தேன். ஹெட்போன்ல ஐயர் மந்திரம் கணீர்னு கேட்டுது.

ஏழே முக்காலுக்குக் கார்த்திகா போனுக்கு செல்லக்கண்ணு கூப்புட்டாரு. "படம் ஓடுது, சத்தமே இல்ல."

"ஒங்க போனு அவுட்டு மாமா"ன்னேன், கூசாம.

பேசற போனையே மைக்காட்டம் நீட்டிப் பாத்தாங்க. மேளத்துல கரகரன்னு ஒண்ணும் புரியலியாம். நான் ஒயர மாத்தினேன், லெவல ஏத்தினேன், எறக்கினேன். ஹெட்போன்ல எல்லாமே பிரமாதம். ஆஸ்பத்திரியில ஊமை.

"மண்டபம் பூரா கேக்குது, ஒன் கேமராவுக்கு மட்டும் இன்னா கேடு?"ன்னாரு அரிகரன் அண்ணன். "என் மிக்சர்ல மட்டும் கைய வெக்காத."

எட்டரைக்கு ஐயர் தாலிய எடுத்து நீட்டினாரு. கார்த்திகா நிமிந்து ஒக்காந்துட்டா. "எங்கப்பாவுக்குக் கேக்கட்டும். அப்பறம் கட்டட்டும்."

மாப்ள வூட்டுல மொணமொணப்பு. "ஒம்போதோட முகூர்த்தம் முடியுதும்மா"ன்னாரு ஐயர். எல்லாரும் என்னியே பாத்தாங்க.

என் போனு, ஒத்த ஸ்பீக்கரு பழைய போனு, அதுல லைவ் போட்டேன். ஊமை. இயர்போன மாட்டினேன், மந்திரம் கேக்குது. புடுங்கினேன், ஊமை. அடச்சே! அப்பத்தான் ஒறைச்சுது. அந்த அவுட்டு ஒரே சத்தத்த ரெண்டா அனுப்பும், ஒண்ணு நேரா, ஒண்ணு தலகீழா. கேமரா அத எடது ஒண்ணு, வலது ஒண்ணுன்னு எடுத்துக்கிச்சு. காதுக்கு ஒண்ணா கேட்டா ரெண்டும் கேக்கும். ஒத்த ஸ்பீக்கர்ல ரெண்டும் சேந்தா ஒண்ண ஒண்ணு தின்னுடும். ஊர்ல பாதி சனம் போன் ஸ்பீக்கர்லதான் கல்யாணம் பாக்குது. நான் ஒரு நாளாவது அப்பிடிக் கேட்டுப் பாத்திருப்பனா?

மிக்சர்லயே ஹெட்போன் ஓட்டை இருக்கு. அதுல ரெண்டு பக்கமும் நேராத்தான் வரும். யாரையும் கேக்கல. ஒயரப் புடுங்கி அங்க சொருவினேன்.

"ஏய்! யாரக் கேட்டுக் கைய வெச்ச? ஒன்ன..." அரிகரன் அண்ணன் கத்தின கத்து, அவரு முன்னால இருந்த மைக்ல அப்பிடியே போச்சு.

கொஞ்ச நேரத்துல கார்த்திகா போனு அடிச்சுது. ஸ்பீக்கர்ல போட்டா. கண்ணையன் கொரலு. "யாரும்மா அது, அரிகரனா? கல்யாண வூட்டுல இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்தறான்?"

மண்டபமே சிரிச்சிடுச்சு. கார்த்திகா கண்ணத் தொடச்சிக்கினு தலையக் குனிஞ்சா. கெட்டிமேளம். தாலி ஏறிச்சு.

மேளம் நின்னதும் அவளே போன்ல கூப்புட்டா. "அப்பா, கேட்டுதாப்பா?"

ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் சத்தம் போவலியோன்னு நான் ஓடிப்போயி ஒயரத் தொட்டுப் பாத்தேன். ஒயரு சரியாத்தான் இருந்துது.

"கேட்டுதும்மா"ன்னாரு செல்லக்கண்ணு. "போர்வைய வாயில வெச்சிக்கினு அழுவறாரு. அழுவுற சத்தம் ஒனக்குக் கேக்கக் கூடாதாம்."