அலசும் தண்ணீர்

அரியாங்குப்பத்தில் கார்குழலி கேட்ட வீடுகளிலெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. துணி அலச ஒரு வாளித் தண்ணீர். ஆனால் கடைசியாகக் கேட்ட வீட்டில் துவைக்கிற கல்லைச் சுற்றி வாசல் வரைக்கும் ஈரம் ஓடியிருந்தது.

ஒரு பொருள் தயாராவதில் தொடங்கிக் குப்பைக்குப் போகும்வரை நிலத்துக்கும் நீருக்கும் என்ன கெடுதல் செய்கிறது என்று கணக்கிட்டுத் தருவது, அவள் வேலை பார்க்கும் லாஸ்பேட்டை அலுவலகத்தின் தொழில். இம்முறை வந்தது ஒரு சலவைத்தூள். நுரை குறைவு, ஒரே அலசல் போதும், தண்ணீர் மிச்சம் என்று பாக்கெட்டில் அச்சடிக்க நிறுவனம் காத்திருந்தது. அது நடந்தால் அடுத்த வருடமும் வேலை தருவார்கள்; கார்குழலியின் ஒப்பந்தமும் நீளும். இல்லையென்றால் மாதக் கடைசியோடு சரி.

வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் அந்த வீட்டுக்கே திரும்பிப் போனாள். துவைக்கும்போது உட்கார்ந்து பார்க்கலாமா என்று அந்த வீட்டுக் கலைவாணியிடம் கேட்டாள்.

கலைவாணி தயங்கிவிட்டு, துவைத்துப் பார்க்கச் சொல்லி வீடுவீடாகக் கொடுத்திருந்த மாதிரித் தூளை ஒரு கை போட்டாள். நுரை வரவில்லை. இன்னொரு கை போட்டாள். அப்புறம் பழைய சோப்பையும் எடுத்துத் தேய்த்தாள். அலசி முடிக்க நாலு வாளி ஆனது.

“ஒண்ணுன்னு சொன்னீங்களேம்மா.”

“தண்ணி மீட்டரு வெக்க ஆள் வந்திருக்குன்னு தெருவே பேசிக்கிச்சு. எதுத்த வீட்டு சின்னப்பொண்ணு அக்காதான், எல்லாரும் ஒண்ணுன்னே சொல்லுங்கடின்னாங்க. நான் மட்டும் உண்மையச் சொல்லி மாட்டிக்கவா?” சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். “எம்பேர எழுதிடாதீங்க மேடம்.”

எழுத மாட்டேன் என்றாள் கார்குழலி.

திரும்பும் வழியில் பாலத்து நெரிசலில் நிற்கும்போது அலுவலகத் தலைவர் ஜானகிராமன் போனில் வந்தார். கெட்ட மனிதர் அல்ல. எட்டுப் பேருக்குச் சம்பளம் போட வேண்டியவர். நடந்ததைச் சொன்னாள்.

“ஜனங்க சொன்னதத்தான் எழுதறோம். பூந்து பாக்க நாம என்ன போலீசாம்மா?”

மாலையில் அறிக்கையில் இரண்டையும் எழுதினாள். சொன்னது ஒரு வாளி, மீட்டருக்குப் பயந்து சொன்னது. பார்த்தது நாலு, அதுவும் ஒரே வீட்டில். தண்ணீர் மிச்சம் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது.

ஜானகிராமன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எத்தனை வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டார். குறைந்தது இருபது வீடு வேண்டும் என்றாள்.

“அதுக்குக் கம்பெனில காசு தர மாட்டாங்க.”

“தெரியும் சார்.”

“மாசக் கடைசி வரைக்கும் இருக்கீங்கல்ல?”

“இருக்கேன் சார்.”

“அப்ப நாளைக்குக் காலைலயே அரியாங்குப்பம் போயிடுங்க. துவைக்கறதுக்கு முன்னாடி.”