கொடி மேல் விழுந்த பழி

அரிவாளைக் கொண்டுவந்து தாண்டவராயன் கையில் திணித்தது அவனுடைய அம்மா சின்னபொண்ணுதான். அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. பேச்சு வெறும் காற்றாகத்தான் வந்தது.

"எம்புள்ள வர்றப்ப அந்த சனியன் இங்க நிக்கக் கூடாது. அடியோட வெட்டிப் போடு."

தம்பி வல்லரசுவின் உடம்பு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அறுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், வண்டி விக்கிரவாண்டியைத் தாண்டிவிட்டது என்று போன் வந்திருந்தது. பந்தலுக்கும் மேளத்துக்கும் சொல்ல வேண்டும் என்று தாண்டவராயன் முன்னாலேயே பைக்கில் வந்துவிட்டான். வாசலில் சாமியானாவுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி பெய்த மழையில் மண் இளகிக் கிடந்தது.

அவன் அரிவாளோடு வீட்டுக்குப் பின்னால் போனான். பெண்கள் இருபது பேருக்கு மேல் அங்கே நின்றிருந்தார்கள். யாரும் கொடிக்குப் பக்கத்தில் போகவில்லை. குளியலறைச் சுவரோரம் முளைத்து, இரும்புக் குழாயில் சுற்றி, நைலான் கயிறு வழியாக மாடிக் கைப்பிடிச் சுவர்வரை ஏறிப் படர்ந்திருந்தது ஜாதிமல்லி. மழைத்தண்ணீர் இன்னும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில், குழாயடிச் சிமெண்டுத் தரையில், வல்லரசுவின் மனைவி கலைமதி உட்கார்ந்திருந்தாள். நேற்று சாயங்காலம் அவன் விழுந்த இடம் அதுதான்.

"நான் அன்னிக்கே சொன்னேன்," என்றாள் பிரபாவதி. தாண்டவராயனின் அத்தை, செத்துப்போன அப்பாவின் தங்கை. விடியற்காலையிலேயே மயிலத்திலிருந்து வந்திருந்தாள். "வூட்ட ஒட்டி இந்தப் பூவ வெக்காதடி, வாசத்துக்கு நல்லது வந்து சுத்திக்கும்னு. கேட்டாளா? புள்ள பெத்து வளக்க வக்கில்ல, கொடிய வளத்தா. அது எமனா நின்னு புருசன வாரிக்கினு போயிடுச்சி."

நல்லது என்றால் நல்ல பாம்பு. ராத்திரி நேரத்திலும் சாவு வீட்டிலும் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை.

கலைமதி கல்யாணமாகி வந்த வருசம் விழுப்புரத்து அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட கொடி அது. அரிசி கழுவின தண்ணியும் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கும் அதற்குத்தான் போகும். தை பிறந்தால் இரக்கமில்லாமல் கழித்துவிடுவாள். வெறும் குச்சியாக நிற்கும். பார்க்கிறவர்கள் பட்டுப்போச்சு என்பார்கள். பிறகு தழைத்து வந்து தெருவே மணக்கும். நாலு வருசமாகக் குழந்தை இல்லை. அதைச் சொல்லிக்காட்ட நினைப்பவர்களுக்கெல்லாம் அந்தக் கொடி வசதியாக இருந்தது. வல்லரசு மட்டும் ஒன்றும் சொல்லமாட்டான். கயிறு நைந்துபோனால் வேறு கயிறு கட்டுவான்.

"இன்னா தாண்டவா, பாத்துக்கினே நிக்கற? வண்டி வந்துடப் போவுது," என்றாள் அத்தை.

"எழுந்துரு கலை," என்றான் அவன்.

அவள் எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினாள். கண் வற்றிப்போயிருந்தது.

"இங்க கடிக்கல மாமா. வரும்போதே நொண்டிக்கினுதான் வந்தாரு. கால் கழுவத்தான் இங்க வந்தாரு."

"கேட்டியா கதய!" என்றாள் அத்தை. "கொடி மேல பழி வந்துடக் கூடாதாம்."

கலைமதி அத்தையைப் பார்க்கவேயில்லை. "நெலத்துல என்னமோ குத்திச்சின்னாரு. களத்துல அண்ணங்கிட்ட காட்டனேன், முள்ளுதான்னு சொல்லிச்சின்னாரு. உங்ககிட்ட காட்டனாருல்ல மாமா? நீங்களே சொல்லுங்க இவங்களுக்கு."

எல்லாரும் தாண்டவராயனைப் பார்த்தார்கள்.

நேற்றுக் காலையில் மோட்டார் போடப் போனபோது அவன் அதைப் பார்த்தான். கொட்டகை ஓரம் கடலை பறித்துவிட்டுக் குவித்திருந்த மல்லாட்டைச் செடிப் போருக்குள் வால் நுழைந்து மறைந்தது. கனத்த வால். போர் மேல் தார்ப்பாய் மடித்துக் கிடந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும் என்று நினைத்தான். பிறகு ஆள் கூலி, லோடு வண்டி என்று பொழுது போய்விட்டது. சாயங்காலம் களத்தில் காயும் மல்லாட்டை மேல் முதல் தூறல் விழுந்தபோதுதான் தார்ப்பாய் ஞாபகம் வந்தது. தார்ப்பாயோடு வாலும் ஞாபகம் வந்தது. அவன் ஒரு நிமிசம் நின்றான். அப்புறம் தம்பியைப் பார்த்து, "ஓடிப் போயி போர் மேல இருக்கற தார்ப்பாய எடுத்துக்கினு வாடா, ஜல்தி," என்றான்.

வல்லரசு திரும்பி வந்தபோது இடது காலை ஊன்றாமல் வந்தான். "என்னமோ சுருக்குன்னுச்சிண்ணா. பாரு." கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி. அதில் துளி ரத்தம். தாண்டவராயன் குனிந்து பார்த்தான். மழை வலுத்துக்கொண்டிருந்தது. "முள்ளுடா. அந்தாண்ட முனையப் புடி மொதல்ல," என்றான். இரண்டு பேருமாக மூடினார்கள். நாலு மூலைக்கும் கல் வைத்தார்கள். கடைசிக் கல்லை வல்லரசுதான் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போனான்.

திண்டிவனத்தில் ஊசி போட்டு முண்டியம்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போய்ச் சேரும்போதே கண் செருகிவிட்டது. "கடிச்ச உடனே கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பாரு," என்றார் டாக்டர். சின்ன வயசுக்காரர். அந்த வார்த்தையைக் கேட்ட ஒரே ஆள் தாண்டவராயன்தான்.

இப்போது எல்லாரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் பார்த்தாள். உள்ளே ஏதோ ஒன்று சொல்லிவிடு என்றது. சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"எங்கிட்ட ஒண்ணும் காட்டலியே," என்றான்.

கலைமதி அவனையே பார்த்தாள்.

"களத்துல நல்லாத்தான் இருந்தான். கல்லெல்லாம் தூக்கி வெச்சான். வூட்டுக்கு வந்தப்புறந்தான் என்னமோ ஆயிருக்கு."

சொல்லச் சொல்லக் குரல் தெளிந்து வந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. கல் தூக்கி வைத்தது நிஜம்தானே.

"இப்ப என்ன சொல்ற?" என்றாள் அத்தை, கலைமதியிடம். "செத்தவன் வாய்ல பொய்ய வெக்கறியேடி. நீ விளங்குவியா?"

சின்னபொண்ணு பாய்ந்து வந்து மருமகளின் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். யாரும் உடனே தடுக்கவில்லை. ஒரு சுற்று இழுத்த பிறகுதான் இரண்டு பெண்கள் வந்து விலக்கி, கலைமதியைத் தூக்கிக் கொண்டுபோய்த் தொழுவத்துச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தார்கள். அவள் கலைந்த மயிரைக்கூட ஒதுக்கவில்லை.

தாண்டவராயன் வெட்ட ஆரம்பித்தான். அடித்தண்டு மணிக்கட்டுப் பருமன் இருந்தது. நாலு வெட்டில் அறுந்தது. ஆனால் மேலே இருந்த புதர் விழவில்லை. கயிற்றையும் குழாயையும் பின்னிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது.

"பாத்துடா, உள்ளாற இன்னும் இருக்கும்," என்று கத்தினாள் அம்மா. பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். ஒரு கிழவர் கம்போடு தயாராக நின்றார்.

அவன் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, புதருக்குள் தோள்வரை கையை விட்டுக் கயிற்றைத் தேடினான். முடிச்சு தட்டுப்பட்டது. அவிழ்த்தான். மறுபடி கையை விட்டு அடுத்ததைத் தேடினான். தம்பி போட்ட முடிச்சுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மூன்றாவது முடிச்சுக்குக் கையை விட்டபோதுதான் தன் மனைவி பானுப்ரியா தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தான்.

அவள் கூட்டத்திலிருந்து விலகிப் பக்கத்தில் வந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"வெறுங்கைய வுட்டு எடுக்கறீங்க. பயமா இல்லியா?"

அவன் கையை வெளியே எடுத்தான். புறங்கையெல்லாம் கீறல். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை. பயந்தாங்கொள்ளி என்று பேர் எடுத்தவன் அவன். விறகு அடுக்கில் கை வைக்கக்கூட ஒரு முறைக்கு இரண்டு முறை தட்டிப் பார்ப்பான். பதினைந்து வருசமாகக் கூட வாழ்கிறவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? அவள் போய்க் கிழவர் கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டு வந்து அவனிடம் நீட்டினாள்.

"இதால தட்டிட்டு வெட்டுங்க," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "உள்ளாற ஏதாச்சும் இருக்கப் போவுது."

அவன் தட்டினான். பூவும் மொட்டுமாக உதிர்ந்தது. ஒரு தவளை குதித்து ஓடியது, பெண்கள் அலறினார்கள். வேறொன்றும் இல்லை. "நேத்தே போயிருக்கும். வந்த வேல முடிஞ்சிபோச்சில்ல," என்றாள் அத்தை. கொடியை இழுத்துக்கொண்டுபோய் வேலிக்கு வெளியே போட்டபோது தெருமுனையில் வண்டியின் சத்தம் கேட்டது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பாடையில் கிடந்த முகம் வீங்கி, வேறு யாரோ போல இருந்தது. கலைமதியைக் குளிப்பாட்டிக் கூட்டிவந்து, கடையில் வாங்கிய கதம்பத்தைத் தலை நிறைய வைத்து, பிணத்தைச் சுற்றிவரச் சொன்னார்கள். சுற்றினாள். நின்ற இடத்திலிருந்து யாராவது தள்ளினால்தான் நகர்ந்தாள். அவள் அம்மா விழுப்புரத்திலிருந்து வந்து இறங்கியபோது பாடையைத் தூக்கிவிட்டார்கள். மகளைக் கட்டிக்கொண்டு கதறிய அந்த அம்மாளிடம் யாரோ போய், "உம்பொண்ணு வெச்ச கொடியாலதான்," என்று சொல்ல, அவள் அழுகையை நிறுத்திவிட்டு எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குப் பிறகு சத்தம் போட்டு அழவில்லை.

கொள்ளி வைத்தது தாண்டவராயன்தான். திரும்பிப் பார்க்காமல் வரச் சொன்னார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்ததும் அத்தை கூடத்தில் உட்கார்ந்து பேச்சை எடுத்தாள். கலைமதியும் அவள் அம்மாவும் அறைக்குள் இருந்தார்கள். கதவு திறந்துதான் கிடந்தது.

"காரியம் முடிஞ்ச கையோட விழுப்புரத்துக்கே அனுப்பிச்சிடுங்க. புள்ளையா, குட்டியா? இருந்து என்ன பண்ணப் போறா? நெலம் நீச்சுன்னு நாளைக்கி பேச்சு வந்தா, புருசன முழுங்கனவளுக்கு என்னாத்த பங்குன்னு கேளு. ஊரே சொல்லும்."

தாண்டவராயன் அதுவரை நிலத்தைப் பற்றி நினைக்கவேயில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. இப்போது நினைத்தான். கிணற்றை ஒட்டிய தம்பியின் பாகம் கண் முன்னால் வந்தது. வரப்பு இல்லாமல் வந்தது. பானுப்ரியா காபி டம்ளரை அவன் முன்னால் வைத்துவிட்டு, "சக்கர போட்டிருக்கு," என்றாள். நேற்றுக் கம்பை நீட்டிய பிறகு அவனிடம் அவள் பேசிய ஒரே வார்த்தை அது. பிறகு அத்தை பக்கம் திரும்பி, "அத்த சொல்றதும் சரிதான்," என்றாள்.

மயிலத்துக்கு மினி பஸ் வர நேரமானதும் அத்தை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமலே இறங்கிப் போனாள். தாண்டவராயன் பஸ் ஏற்றிவிடப் பின்னாலேயே நடந்தான். வீட்டைச் சுற்றி வேலிப் பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

வெட்டிப்போட்ட கொடி மழையில் நனைந்து, நேற்று பார்த்ததைவிடப் பச்சையாகக் கிடந்தது. அத்தை குனிந்து ஒரு தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"உசுரு இருக்கு," என்றாள். பிறகு அவனைப் பார்த்துக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "சாவு வூட்டுல இருந்து ஒண்ணும் எடுத்துக்கினு போவக் கூடாதுதான். இது வேலிக்கு வெளியிலதான கெடக்குது?"

அவன் பஸ் வருகிறதா என்று தெருமுனையைப் பார்த்தான்.

"எம்மருமவ கேட்டுக்கினே இருக்கா. கடையில வாங்கனா இந்த ஜாதி கெடைக்காது. நம்ம வூடு முன்பக்கம் நல்ல வெயிலு." நிமிர்ந்து வீட்டைப் பார்த்தாள். "அடியே கலை! கலைமதி! இங்க வா செத்த."

கலைமதி வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடியிருந்தாள். குவியலையும் அத்தையையும் பார்த்தாள். பக்கத்தில் நின்றவனைப் பார்க்கவில்லை.

"இதுல எதடி வெச்சா வரும்? எனக்கு நுனியா அடியான்னு தெரியல."

அவள் குந்தி உட்கார்ந்து குவியலைப் புரட்டினாள். இளசாக இருந்ததை ஒதுக்கினாள். நன்றாக முற்றிக் கட்டையாகிப் போனதையும் ஒதுக்கினாள். நடுவாந்தரமான தண்டுகளாகப் பார்த்து ஒடித்து, பூவையும் மொட்டையும் கிள்ளிப் போட்டு, இலையை உருவிக் கீழே வைத்தாள்.

"ஒரு சாக்கு கொண்டா தாண்டவா. நனச்சிக் கொண்டா," என்றாள் அத்தை.

அவன் போய் யூரியாச் சாக்கு ஒன்றைத் தேடி எடுத்து, குழாயில் பிடித்து நனைத்துக் கொண்டுவந்தான்.

"ரெண்டு கணு மண்ணுக்குள்ள போவணும் அத்த," என்றாள் கலைமதி. "மொதல்ல நெழல்லயே வைங்க. தெனம் தண்ணி தெளிங்க, ஊத்தாதீங்க. தழையறத பாத்துட்டு புடிச்சிக்கிச்சின்னு நெனச்சி அசச்சிப் பாக்காதீங்க. வேர் வுடறதுக்கு முன்னாடியே ரெண்டு எல வுடும்."

"பூ?"

"அடுத்த வருசம் வந்துடும்."

தண்டுகளை ஒன்றுசேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு அவள் எழுந்தாள். தாண்டவராயன் சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டான். அவள் ஒவ்வொன்றாக, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி, உள்ளே இறக்கினாள்.